சொல்லிக்கொள்ளாமல் வரவேண்டிய வீடு

திருச்சியிலிருந்து கொழும்புக்குப் பறப்பது, எங்கள் வீட்டிலிருந்து சமயபுரத்துக்குப் பஸ்ஸில் போய் வருவதைவிடச் சுலபம். விமானத்தில் கொடுத்த ஜூஸை உறிஞ்சி முடிப்பதற்குள் மறுபடி பெல்ட்டைப் போடச் சொல்லிவிட்டார்கள். ஆனால் அம்மா எனக்குக் கொடுத்த அறிவுரைகளோ நிலவுக்குப் போகிறவளுக்குக் கொடுக்கும் அளவுக்கு இருந்தன.

நான் போனது துக்கம் விசாரிக்க. கண்டியில், மஹய்யாவையில், என் பெரியப்பா மகள் வசந்தி அக்கா இருக்கிறாள். பெரியப்பா அந்தக் காலத்தில் கண்டியில் பலசரக்குக் கடை வைத்து அங்கேயே நிலைத்துவிட்டவர். அவர் தம்பியான என் அப்பா படிப்பதற்கென்று திருச்சி வந்து இங்கேயே நின்றுவிட்டவர். பெரியப்பாவும் பெரியம்மாவும் இப்போது இல்லை. அக்காவுக்குப் பிள்ளை இல்லை. இருந்தது மோகன் அத்தான் ஒருவர்தான். ஐந்து மாதத்துக்கு முன் காலையில் வேலைக்குக் கிளம்பிய அத்தான், பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

அப்போது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் பாஸ்போர்ட் கிடையாது. பாஸ்போர்ட் வந்து சேர்ந்தபோது அப்பாவுக்கு முழங்கால் வீங்கியிருந்தது, அம்மாவுக்கு ஆகாயத்தைப் பார்த்தாலே தலை சுற்றியது. எம்.ஏ. முடித்துவிட்டு வேலை தேடுகிறேன் என்ற பெயரில் வீட்டை அளந்துகொண்டிருந்த நான்தான் மிச்சம்.

“போனதும் கட்டிப்பிடிச்சு அழு. துக்க வீட்டுக்கு வெறுங்கையோடதான் போகணும், பழம் கிழம் வாங்கிட்டுப் போய் நிக்காத. கிளம்பும்போது போயிட்டு வர்றேன்னு வாயைத் திறந்துடாதடி. பேசாம எந்திரிச்சு வந்துரு,” என்றாள் அம்மா.

சொல்லிக்கொண்டு கிளம்பினால் துக்கமும் திரும்பி வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் இழவு வீட்டில் விடைபெறுவது கிடையாது. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கரைந்துபோவார்கள்.

அம்மாவுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. “வசந்தி இப்பல்லாம் ஒரு மாதிரி இருக்காளாம். விசாரிக்க வந்தவங்களுக்கு ஒரு வாய் காப்பித் தண்ணி குடுக்கிறதில்லையாம். எதிர்ல உக்காந்துகிட்டு முறைச்சுப் பாக்கிறாளாம். பாடம் நடத்த ஸ்கூலுக்கும் போறதில்ல. பதமாப் பேசி இங்க கூட்டிட்டு வந்துரு. நம்மளோட இருக்கட்டும்.”

ஆக, எனக்கு இட்ட வேலை இரண்டு: அழ வேண்டும், அழைத்து வர வேண்டும். நானாகச் சேர்த்துக்கொண்ட மூன்றாவது வேலை பேராதனைப் பூங்கா. அதை அம்மாவிடம் சொல்லவில்லை. வெறுங்கை என்று அத்தனை தரம் சொன்ன அம்மா கடைசி நிமிடத்தில் ஒரு பை முறுக்கைத் திணித்தாள். “வழியிலேயே தின்னு தீத்துரு. வீட்டுக்குள்ள கொண்டு போகாத.”

கொழும்பில் ரயில் ஏறினேன். நம் ஊர் ரயிலில் வடை விற்பவர்கள் ‘வடை வடை’ என்று அவசரப்படுத்துவார்கள். இங்கே ‘இஸ்ஸோ வடே’ என்று ராகம் போட்டு இழுக்கிறார்கள். பருப்பு வடையின் தலையில் முழு இறால் ஒன்று மீசையோடு படுத்திருக்கும். யாரோ ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் கணக்குத் தாளைப் பையாக ஒட்டி அதில் போட்டுத் தருகிறார்கள். என் பையில் இருந்த கணக்குகள் எல்லாம் தப்பு. வடை சரியாக இருந்தது.

எதிர் இருக்கையில் ஹட்டன் போகிற யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர். நான் கண்டிக்கு என்றதும் பதறினார். “பிள்ளை, இந்த ரயில் கண்டிக்குள்ள போகாது. பேராதனையில இறங்கி மாற வேணும். விளங்குதோ?”

“விளங்குது சார்.”

“நான் நித்திரை கொண்டாலும் நீங்கள் கொள்ளப்படாது.”

நான் தூங்கவில்லை. கடுகண்ணாவையில் ரயில் மலையைச் சுற்றிக்கொண்டு ஏற, வாசலில் நின்று படமாய் எடுத்துத் தள்ளினேன். பேராதனை வந்ததும் தெரிந்தது. பலகையைப் படித்தேன், அதையும் படம் எடுத்தேன். பிளாட்பாரம் மறுபக்கம் இருப்பதை உணர்ந்து பெட்டியைத் தேடிப் போவதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. பெரியவர் கண் விழித்து என்னைப் பார்த்தார்.

“ஏன் பிள்ளை, இன்னும் இறங்கேல்லையோ?”

கம்பளையில் இறங்கினேன். அங்கிருந்து கண்டிக்குத் திரும்பும் தனியார் பஸ்ஸில் பாட்டு அலறியது. உள்ளே தாராளமாக இடமிருக்கிறது என்று கண்டக்டர் சிங்களத்தில் கூவிக்கொண்டே மூச்சு விட முடியாத கூட்டத்துக்குள் எங்களை அமுக்கினார். எந்த மொழியில் சொன்னாலும் அந்தப் பொய் புரிந்துவிடுகிறது. கெலிஓயாவை நெருங்கும்போது திடீரென்று பாட்டு நின்றது. சாலைக்குக் குறுக்கே கயிறு கட்டி, அதில் சின்னச் சின்ன வெள்ளைக் கொடிகள் வரிசையாகத் தொங்கின. ஒரு சந்துக்குள் அவை தொடர்ந்து போயின. கொடிகள் முடிந்து கொஞ்ச தூரம் போன பிறகு பாட்டு விட்ட இடத்திலிருந்து அலறியது.

பக்கத்தில் நெருக்கப்பட்டு நின்ற கல்லூரி மாணவி, தலையில் முக்காடு, தமிழில் சொன்னாள்: “அங்க ஒரு மவுத் வீடு. சிங்கள ஆக்கள் வெள்ளக் கொடி கட்டுவாங்க. இந்த பஸ்காரர் எப்பவும் பாட்ட நிப்பாட்டுவார்.”

நம் ஊரில் பறை, வேட்டு, கூலிங் கிளாஸ் போட்ட படத்தோடு ஆளுயர பேனர். இறந்தவர் இந்தத் தெருவிலேயே இருந்தார் என்று அப்போதுதான் பாதி ஊருக்குத் தெரியும். இங்கே துணித் துண்டைக் கட்டிவிட்டால் பஸ் வாயை மூடிக்கொள்கிறது. எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறதே என்று சங்கடமாகவும் இருந்தது.

மஹய்யாவையில் அக்கா வீட்டுக்குப் போக, தெருவிலிருந்து செங்குத்தாகப் படிகள் ஏறுகின்றன. பெட்டியோடு ஏறி முடித்தபோது அழுவதற்கு மட்டுமல்ல, பேசுவதற்கும் மூச்சு இல்லை. கதவு திறந்தே இருந்தது. அக்கா எழுந்து வந்தாள். படத்தில் பார்த்ததைவிட ஒல்லி. கட்டிப்பிடித்துக்கொண்டேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். என் தோளுக்கு மேலிருந்து குரல் வந்தது.

“கயலு, இறால் வடை தின்னியா?”

“ஒண்ணே ஒண்ணுக்கா.”

“ஒண்ணுக்கு இம்புட்டு வாசம் வராது.”

அவ்வளவுதான், அம்மா சொன்ன முதல் வேலை கெட்டுப்போனது. அக்கா என்னைக் கதிரையில் உட்கார வைத்து, இன்னொரு கதிரையை இழுத்து எதிரில் போட்டு உட்கார்ந்தாள். அப்புறம் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். ஊர்க்கதை கேட்டாள், அப்பா முழங்காலைப் பற்றிக் கேட்டாள், கம்பளை வரை போன கதைக்கு, “கோச்சியில ஏறத் தெரிஞ்சவளுக்கு இறங்கத் தெரியலியா” என்று நையாண்டி பண்ணினாள். எல்லாம் சரி. ஆனால் நான் கால் மாற்றி உட்கார்ந்தால்கூட அவள் கண் என் காலுக்குப் போனது. நாக்கு வறண்டது. தண்ணீர் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அம்மா சொன்னது நினைவுக்கு வந்து அடக்கிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு ரிஹானா ராத்தா தட்டில் தேத்தண்ணியோடு வந்து காப்பாற்றினார். அக்காவைவிடக் கொஞ்சம் மூத்தவர், வாய் ஓயாதவர்; ராத்தா என்பது அங்கே முஸ்லிம்கள் அக்காவைக் கூப்பிடுவது. “குடிங்க மகள். இந்த வீட்டுக்கு யாரு வந்தாலும் தேத்தண்ணி எங்கட குசினியில இருந்துதான் வரும். என்னத்துக்குன்னு கேட்டா உங்கட அக்கா செல்ல மாட்டா.”

ராத்தா வாயில் ‘சொல்ல’ என்பது ‘செல்ல’ என்று வரும். அவர் கொண்டுவந்த பால் விடாத பிளேன்டியின் ஓரத்தில் கடித்துக்கொள்ள ஒரு துண்டு கருப்பட்டி இருந்தது. முறுக்குப் பையை நைசாக ராத்தா கையில் கொடுத்துவிட்டேன். அவர் வீடு துக்க வீடு இல்லையே.

மறுநாள் காலை எழுந்தபோது அக்கா குளியலறையில் இருந்தாள். வெளியே வெயிலும் பனியும் கலந்து மலை பளபளவென்றிருந்தது. பூங்காவுக்குப் போகிறேன் என்று சொல்ல நாக்கு கூசியது. துக்கம் கேட்க வந்தவள் பூப் பார்க்கப் போகிறாளே என்று நினைக்க மாட்டாளா. அப்போதுதான் அம்மாவின் விதி கைகொடுத்தது. துக்க வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல்தானே கிளம்ப வேண்டும்? ஊருக்குக் கிளம்புவதற்கு மட்டும்தான் அது என்று யாரும் சொல்லவில்லையே. பையை மாட்டிக்கொண்டு ஓசைப்படாமல் படி இறங்கினேன்.

பேராதனைப் பூங்காவில் ஒரு மரம் இருக்கிறது. ஒரு மரம் என்று சொல்வது மரியாதைக்காக. ஒரு கல்யாண மண்டபத்தையே கிளையாக விரித்து வைத்திருக்கிறது. அதன் நிழலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு பக்கம், கல்யாண ஜோடி ஒன்று படம் எடுத்துக்கொண்டு ஒரு பக்கம், குடைக்குள் தலையை மறைத்துக்கொண்ட காதலர்கள் ஒவ்வொரு வேருக்கும் ஒரு ஜோடியாக. மழையும் இல்லை, வெயிலும் இல்லை, அத்தனை குடைகள். மேலே உயர்ந்த மரங்களில் வௌவால்கள் காய்ப்போடு காய்ப்பாகத் தொங்கிச் சண்டை போட்டன. நான் எல்லாவற்றையும் பார்த்தேன். பார்க்கப் பார்க்க மனசு குறுகுறுத்தது. குறுகுறுக்கக் குறுகுறுக்க இன்னொரு பாதையில் நடந்தேன். போனில் திருச்சி சிம் உயிரற்றுக் கிடந்தது. உள்ளூர் சிம் வாங்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

மதியம் சாய்ந்து திரும்பியபோது, படிகளுக்குக் கீழே, தெருவோரத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். வாரி முடியாத தலை. ஒரு காலில் அவளுடைய செருப்பு, மற்றக் காலில் பெரிய ஆண் செருப்பு. அவள் கையைப் பிடித்தபடி ராத்தா. என்னைப் பார்த்ததும் ராத்தா, “அல்ஹம்துலில்லாஹ், வந்துட்டா” என்றார். அக்கா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு கேட்டாள்.

“எங்க போன?”

“பூங்காவுக்கு.”

“சொல்லிட்டுப் போக வாயில்லயா உனக்கு?”

“அம்மாதான்… துக்க வீட்ல சொல்லிக்கக் கூடாதுன்னு…”

“அது சாமானைக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போறவளுக்குடி. பூப் பாக்கப் போறவளுக்கா?”

ராத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா படியில் உட்கார்ந்தாள். செருப்பு மாறியிருப்பதை அப்போதுதான் கவனித்தாள். ஆண் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

“அன்னைக்கும் இப்படித்தான். அவருக்குத் தேத்தண்ணி ஊத்த உள்ள போனேன். எந்த நாளும் வாறேன் வசந்தின்னு சத்தம் போட்டுட்டுத்தான் படி இறங்குவாரு. அன்னைக்கு பஸ் வந்துருச்சோ என்னமோ. கோப்பையோட வந்து பாத்தா கதிரை காலி.”

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அதுக்குப் பிறகு வந்த சனம் எல்லாம் அப்படியே. மாமா வந்தாரு, ஸ்கூல் டீச்சர்மாரு வந்தாங்க, கொழும்புச் சொந்தம் வந்துச்சு. நான் தேத்தண்ணி ஊத்திக்கிட்டு வாற நேரம் பாத்து எந்திரிச்சுப் போயிருவாங்க. முறைதான், தெரியும். நானும் எத்தனை வீட்ல அப்படி எந்திரிச்சு வந்திருக்கேன். ஆனா ஒவ்வொரு தடவையும் கோப்பையோட அந்தக் கதிரை முன்னால நான் நிக்கணும். பிறகு தேத்தண்ணியே ஊத்தல. எதிர்லயே உக்காந்துக்கிட்டேன். போறவங்க என் கண்ணு முன்னால போகட்டும்.”

“இத ஏன் வசந்தி ஒரு நாளும் செல்லல்ல?” என்றார் ராத்தா.

“என்னன்னு சொல்ல? என் வீட்டுக்கு வந்தா போயிட்டு வாறேன்னு சொல்லுங்கன்னா? பைத்தியம்பாங்க.”

அம்மா என்னை அழச் சொல்லி அனுப்பியிருந்தாள். அந்தப் படியில் உட்கார்ந்து நான் அழுதது அம்மாவின் கணக்கில் சேருமா என்று தெரியவில்லை. அக்காதான் என் முதுகைத் தட்டினாள். “சரி, சரி. நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன். தனியா விட்டா நீ ஹட்டனுக்குப் போயிருவ.”

சொன்னபடி அடுத்த நாள் கிளம்பினாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு அவள் வெளியே இறங்கியதை ராத்தா தன் வாசலில் நின்று வாயைத் திறக்காமல் பார்த்தார். அவருக்கு அது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும்.

வாவிக்கரையில் நடந்தோம். முதலைக்குத் தம்பி மாதிரி ஒரு கபரகொய்யா, அதாவது நீர் உடும்பு, தண்ணீரிலிருந்து ஏறி, நடைபாதையைக் கடந்து, ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தையே ஓட வைத்துவிட்டுத் தன் வழியில் போனது. அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நம் ஊரில் மாடு போகிற மாதிரி. டவுனில் ஒரு பேக்கரியில் உட்கார்ந்தோம். கேட்கும் முன்பே ரோல்ஸ், பட்டீஸ், மீன் பணிஸ் எல்லாம் அடுக்கிய தட்டை முன்னால் வைத்துவிட்டுப் போனார்கள். நான் மிரண்டேன்.

“அக்கா, நாம இவ்வளவு கேக்கலியே.”

“தின்னதுக்கு மட்டும் காசு. மிச்சத்தை எடுத்துட்டுப் போவாங்க.”

“நாம எத்தனை தின்னோம்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நாமதான் சொல்லணும்.”

திருச்சியில் இப்படி ஒரு கடை வைத்தால் எத்தனை நாள் ஓடும் என்று யோசித்தபடி மூன்றாவது ரோலை எடுத்தேன். நல்ல மனநிலையில் இருக்கிறாள் என்று பட்டது. வந்த வேலையை அங்கேயே எடுத்தேன். அம்மா கூப்பிடுகிறாள், மாடி அறை காலியாக இருக்கிறது, அங்கே பள்ளிக்கூடங்களுக்குக் குறைவில்லை.

அக்கா பட்டீஸைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள். “சித்தி நல்லதுக்குத்தான் சொல்றாங்க. அவருக்கு வருஷம் முடிஞ்சதும் வாறேன். உங்க மலைக்கோட்டையைப் பாக்க வாறேன். குடியிருக்க இல்ல.”

“இங்க தனியா…”

“அவர் படி இறங்கிப் போன வழி இது. அதை விட்டுட்டு எங்க வந்து இருக்க?”

தட்டில் குறைந்ததை அக்கா கல்லாவில் நேர்மையாகச் சொன்னாள். நான் தின்றது கூடுதல் என்பதைச் சேர்த்துச் சொன்னாள்.

மஹய்யாவைக்குத் திரும்பும்போது பள்ளி விட்டிருந்தது. வெள்ளைச் சீருடையில் ஒரு சின்னக் கூட்டம் எதிரில் வந்தது. அதில் ஒருத்தி எங்களைப் பார்த்ததும் நின்றாள். “டீச்சர்!” அடுத்த நொடி பைகளோடு எல்லாம் ஓடிவந்து சூழ்ந்துகொண்டன.

“டீச்சர், எப்ப வருவீங்க?”

“புது டீச்சர் பாட்டே சொல்லித் தரமாட்டாங்க டீச்சர்.”

“டீச்சர், இவன் என் அழிரப்பரைத் தின்னுட்டான்.”

அக்கா அழிரப்பர் வழக்கை அங்கேயே விசாரித்தாள். குற்றவாளி பாதிதான் தின்றதாக ஒப்புக்கொண்டான். பிறகு பிள்ளைகள் தாங்களாகவே, யாரும் சொல்லாமல், தெருவோரத்தில் வரிசையாக நின்று கையைக் கட்டிக்கொண்டன. வகுப்பு முடியும்போது பாடுகிற ராகத்தில் ஒரே குரலாக இழுத்தன: “போ…யிட்டு வா…றோம் டீச்ச…ர்.”

தெருவே திரும்பிப் பார்த்தது. அக்கா பதிலுக்கு, “போயிட்டு வாங்க பிள்ளைங்களா” என்று சொல்ல வேண்டும் போலிருக்கிறது. பிள்ளைகள் நகராமல் காத்து நின்றன. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்து முடித்தாள். சொன்னாள். உடனே வரிசை கலைந்து ஓடிவிட்டது.

படி ஏறும்போது அக்கா சொன்னாள், “எந்த நாளும் இப்படித்தான் சொல்லுவாங்க. எனக்கு மறந்தே போச்சு பாரு.”

அன்று மாலை இஸ்திரிப் பெட்டியைத் தேடி எடுத்து ஒரு சேலைக்கு மடிப்பு வைத்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. திங்கட்கிழமைக்கு என்று அவளே சொன்னாள்.

மறுநாள் காலை எனக்கு ரயில். பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தேன். எதிர்க் கதிரையில் அக்கா. என் பெட்டியைப் பார்த்தவள் சட்டென்று எழுந்தாள்.

“தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ.”

குசினிக்குள் போனாள். பாத்திரம் உருளும் சத்தம். பிறகு, “இருக்கியா?”

“இருக்கேன்க்கா.”

குழாயில் தண்ணீர் விழுந்தது. “கயலு?”

“இங்கதான் இருக்கேன்.”

“சீனி எவ்வளவு?”

“ரெண்டு.”

தண்ணீர் கொதிக்க இவ்வளவு நேரமாகும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கதிரையின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், யாரோ இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல. நடுவில் மூக்கு அரித்தது. சொறிந்ததோடு சரி, அசையவில்லை. மறுபடி, “இருக்கியா?” மறுபடி, “இருக்கேன்.”

கோப்பையோடு வந்தாள். வாசற்படியில் ஒரு கணம் நின்றாள். நான் இருந்தேன். கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “சூடு பாத்துக் குடி.”

சீனி இரண்டு இல்லை, நான்காவது இருக்கும். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். அம்மாவின் முகம் ஒரு தரம் வந்து போனது. “அக்கா, போயிட்டு வர்றேன்.”

“சரி, போயிட்டு வா.”

பாதிப் படி இறங்கிய பிறகுதான் குடையை விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. மறுபடி மூச்சிரைக்க ஏறினேன். அக்கா குடையோடு வாசலிலேயே நின்றிருந்தாள். வாங்கிக்கொண்டு, விட்டுப்போய்விடக் கூடாதே என்று, “போயிட்டு வர்றேன்க்கா” என்றேன். பக்கத்து வாசலிலிருந்து ராத்தா முறுக்கைக் கடித்துக்கொண்டே சத்தம் போட்டார். “ஒருக்கா சென்னாப் போதும் மகள், கோச்சி போயிரும்.” அக்கா சிரித்த சத்தம் தெருவரை கூடவே வந்தது.

கொழும்பில் வைஃபை கிடைத்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள்.

“கிளம்பிட்டியா? அவ வரலியா?”

“அப்புறம் வர்றாங்களாம். மலைக்கோட்டை பாக்க.”

“அது கிடக்கட்டும். சொல்லிக்காமத்தானே வந்த?”

“இல்லம்மா. ரெண்டு தடவை சொல்லிட்டு வந்தேன்.”

மறுமுனையில் அம்மா மூச்சை இழுப்பது கேட்டது. திட்டு வரப்போகிறது என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

“அடிப் பாவி. அவ ஒண்ணும் சொல்லலியா?”

“சொன்னாங்க,” என்றேன். “தேத்தண்ணி போட்டுக் குடுத்துட்டு, போயிட்டு வான்னாங்க.”